ஏலச் சீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், போடிநாயக்கனூரை அடுத்து இருக்கும் ஊர் ராசிங்காபுரம். ஏலச்செடி இங்கே விளையாது. அதற்கு வேண்டிய குளிர்ச்சியும் மழையும் மர நிழலும் மலைமேல்தான் உண்டு. ஆனாலும் ஏலக்காயை அறியாத பிள்ளைகள் இப்பக்கத்தில் இல்லை. ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், மலையில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள், போடியில் காய்களைத் தரம் பிரிக்கும் பெண்கள் என்று சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றிலும் ஏலக்காயை நம்பிய குடும்பங்கள் உண்டு.

இக்குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளியில் கற்பதற்கு முன்பே ஓர் ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டிருப்பார்கள். ‘நம்ம லாட்டு இன்னிக்கு என்ன விலைக்குப் போச்சு?’ என்று பெரியவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சில் வரும் ‘லாட்’ என்னும் சொல்தான் அது. ஆங்கிலத்தில் எல், ஓ, டி என மூன்றே எழுத்து.

இதே சொல் பள்ளியில் வேறு உருவில் வருகிறது. ‘எ லாட் ஆஃப் பீப்பிள்’ என்றால் நிறைய மக்கள், ‘தேங்க்ஸ் எ லாட்’ என்றால் மிக்க நன்றி என்று ஆசிரியர் சொல்லித் தருகிறார். லாட் என்றால் நிறைய என்று மாணவனும் மனத்தில் இருத்திக்கொள்கிறான். பிறகு ஒரு நாள் ஏலச் சீட்டைப் பார்க்கிறான். ஒரே ஒரு சிறு மூட்டை, இருபது கிலோகூட இராது. அதற்கும் ஒரு லாட் எண் போட்டிருக்கிறது! நிறைய என்று பொருள்படும் சொல்லை இந்தச் சிறு மூட்டைக்கு ஏன் வைத்தார்கள்? அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. விதி, பங்கு, மனை, திருவுளச்சீட்டு என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத பொருள்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

இவை அனைத்துக்கும் வேர் ஒன்றே. அதைக் காண்பதற்கு முன் ஏலத்தையே சற்றுப் பார்த்துவிடுவோம்.

இரண்டு ‘ஏலம்’

தமிழில் ஏலம் என்பது ஒரே வடிவில் அமைந்த இரு வேறு சொற்கள். வாசனைப் பொருளாகிய ஏலம் மிகப் பழைய சொல். இதன் அறிவியல் பெயரான ‘எலட்டேரியா கார்டமோமம்’ என்பதில் உள்ள எலட்டேரியாவும், மலையாளத்தில் ஏலக்காய்க்கு வழங்கிய ‘ஏலத்தரி’ என்ற பெயரிலிருந்து எடுத்ததே. விலை கேட்டு விற்கும் ஏலமோ, போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்ங்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அதை அரபியிலிருந்து பெற்றார்கள். ஆகவே போடியில் நடக்கும் ‘ஏல ஏலம்’ என்பதில் ஒரு சொல் நம் மலையில் விளைந்தது, மற்றது கடல் வழியே வந்தது.

ஏலக்காய் ஏலம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நடைபெறுகிறது. 1987-இல் அமைந்த ஸ்பைசஸ் போர்டு என்னும் நறுமணப்பொருள் வாரியம் இதை மேற்பார்வை செய்கிறது. விவசாயி காயைப் பறித்து, உலர்த்தி, ஏலம் நடத்தும் நிறுவனத்திடம் சேர்க்கிறார். அவர் கொண்டுவந்த சரக்குக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அதுவே லாட் எண். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிறிதளவு காய் மாதிரியாக எடுக்கப்பட்டு வியாபாரிகளிடம் தரப்படுகிறது. அவர்கள் நிறம் பார்ப்பார்கள், பருமன் பார்ப்பார்கள், கையில் அள்ளிக் கனம் பார்ப்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு மதிப்பு அதிகம். முன்பெல்லாம் வாய்விட்டுக் கேட்ட விலையை இப்போது கணினியின் முன் அமர்ந்து விசையைத் தட்டிக் கேட்கிறார்கள். ஒரு லாட்டுக்கு முடிவு தெரியச் சில நொடிகள் போதும். மாதக்கணக்கில் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த உழைப்புக்கு அந்தச் சில நொடிகளில் விலை எழுதப்படுகிறது.

ஏலம் முடிந்ததும் வாரியம் ஒரு பட்டியல் வெளியிடும். தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை என்பன அதன் கட்டங்கள். லாட்டுகளின் எண்ணிக்கை 200 என்றிருந்தால் சரக்கு நிறைய என்று அதற்குப் பொருளில்லை. 200 தனித்தனிப் பகுதிகளாக விற்பனைக்கு வந்தது என்பதே பொருள். ஒரு லாட்டில் 15 கிலோ இருக்கலாம், மற்றொன்றில் 500 கிலோ இருக்கலாம்.

இதில் நம் வீடுகளில் அடிக்கடி நேரும் ஒரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். சராசரி விலை என்பது லாட்டுகளின் விலைகளைக் கூட்டி லாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவதன்று. கணக்குக்காக இரண்டே லாட்டுகள் என்று கொள்வோம். முதலாவது 50 கிலோ, கிலோ 2,400 ரூபாய்க்குப் போனது. இரண்டாவது 150 கிலோ, 2,000 ரூபாய்க்குப் போனது. இரு விலைகளின் நடுவைக் கண்டால் 2,200 வரும். ஆனால் மொத்தப் பணம் 1,20,000-உம் 3,00,000-உம் சேர்ந்து 4,20,000 ரூபாய்; மொத்த எடை 200 கிலோ; எனவே உண்மைச் சராசரி 2,100 ரூபாய். பெரிய லாட் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. ‘சராசரி 2,100 என்று போட்டிருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் 2,000?’ என்று கேட்கும் அப்பாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

மரச் சில்லிலிருந்து மனை வரை

இனிச் சொல்லின் பிறப்புக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஹ்லாட்’ என்று ‘ஹ்’ ஒலியுடன் வழங்கியது. ஒரு வழக்கைத் தீர்க்கவோ, ஒருவரைத் தேர்ந்தெடுக்கவோ, ஒரு பொருளைப் பங்கிடவோ குலுக்கிப் போட்டு எடுத்த மரச் சில்லு போன்ற பொருளை அச்சொல் குறித்தது. நம் ஊரில் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதும், பிள்ளைகள் சீட்டெழுதிக் குலுக்குவதும் இதே வகைதான். இன்றும் ‘டிரா லாட்ஸ்’, ‘காஸ்ட் லாட்ஸ்’ என்றால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது என்று பொருள்.

குலுக்கலில் ஒருவருக்கு எது வந்ததோ அது அவருடைய பங்கு. ஆகவே லாட் என்பதற்குப் பங்கு என்ற பொருள் ஏற்பட்டது. பங்கிட்டது நிலமாக இருந்தால் லாட் என்பது மனை. அமெரிக்கர்கள் வண்டி நிறுத்துமிடத்தைப் ‘பார்க்கிங் லாட்’ என்பது இப்படி வந்ததே. இங்கிலாந்தில் அதையே ‘கார் பார்க்’ என்பார்கள். பங்கிட்டது வாழ்க்கையாக இருந்தால் லாட் என்பது விதி. விற்பனைக்கு வைத்த சரக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு லாட். போடி ஏலத்தின் லாட் இதுதான். ஒரு பகுதியில் பல பொருள்கள் சேர்ந்திருப்பதால் லாட் என்பது ஒரு தொகுதியையும், பிறகு நிறைய என்பதையும் குறிக்கலாயிற்று. நீங்கள் வகுப்பில் முதலில் கற்ற ‘நிறைய’ என்ற பொருள், இந்த வரிசையில் கடைசியாகப் பிறந்த பிள்ளை!

பங்கு, விதி, நிறைய ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் சேர்வது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. தமிழில் ‘பால்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அறத்துப்பால், பொருட்பால் என்னும்போது அது பகுதி. ஆண்பால், பெண்பால் என்னும்போதும் பிரிவு. அதே பால் தொல்காப்பியத்தில் ஊழைக் குறிக்கவும் ஆளப்பட்டுள்ளது. பகுத்துக் கொடுத்ததே பால், நமக்கென்று பகுக்கப்பட்டதே ஊழ். பேச்சு வழக்கிலும் ஒன்று உண்டு. ‘அவன் பாடு திண்டாட்டம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இந்தப் ‘பாடு’ என்ற இடத்தில் லாட் என்பதைப் போடலாம். போடிமெட்டைத் தாண்டினால் மலையாளத்தில் ‘ஒருபாடு’ என்றால் நிறைய. ஆங்கிலத்தின் ‘எ லாட்’ என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். ‘எ’ என்பது ஒரு, ‘லாட்’ என்பது பாடு. இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. மனிதர்கள் ஒரே மாதிரி நினைக்கிறார்கள்.

குலுக்கிப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு உலகப் புகழ் பெற்ற சான்று நம்மிடமே உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்கள் இப்படி அமைந்தார்கள். நிலம், வயது, வேதக் கல்வி முதலிய தகுதிகள் இருந்ததால் ஊரார் எல்லோருடைய ஓலையும் குடத்துக்குள் போகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கல்வெட்டைப் பற்றிய ஆங்கில நூல்களில் இம்முறையைக் குறிக்க வரும் சொல் எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இன்றைய சட்டத்திலும் அது உண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, இரு வேட்பாளர்கள் சம வாக்குப் பெற்று ஒரு வாக்கால் முடிவு மாறும் என்ற நிலை வந்தால், தேர்தல் அதிகாரி ‘பை லாட்’, அதாவது குலுக்கல் மூலம் முடிவு செய்வார். குலுக்கலில் வந்தவருக்கு ஒரு வாக்குக் கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ளப்படும்.

லாட்டரி என்பதும் இதே குடும்பம்தான். தமிழ்நாடு அரசு 1968-இல் லாட்டரியைத் தொடங்கியது. 2003-இல் மாநிலத்தில் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனையும் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967-இல் தொடங்கிய அரசு லாட்டரி இன்றும் நடக்கிறது. மலை ஏறிப் போகிற கூலி சீட்டாக மாறித் திரும்புவதை நம் ஊர்ப் பெண்கள் நன்கு அறிவார்கள்.

சரியாகக் குலுக்கினார்களா?

குலுக்கல் நியாயமானது என்று சொல்ல வேண்டுமானால் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது. 1969 டிசம்பர் முதல் நாள், வியட்நாம் போருக்கு இளைஞர்களை எந்த வரிசையில் அழைப்பது என்று அமெரிக்காவில் குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 பிறந்த நாட்களும் தனித்தனி நெகிழி உறைகளில் இடப்பட்டன. முதலில் வெளிவந்த நாளில் பிறந்தவர்களுக்கு முதல் அழைப்பு. அன்று முதலில் வந்தது செப்டம்பர் 14.

பின்னர் புள்ளியியலார் எண்களை ஆராய்ந்தார்கள். நன்கு கலந்திருந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி வரிசை எண் 183 அல்லது 184-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஜனவரிக்கு வந்தது ஏறத்தாழ 201. டிசம்பருக்கு வந்தது ஏறத்தாழ 122. உறைகளை மாதம் மாதமாகப் பெட்டியில் இட்டுப் போதிய அளவு கலக்காமல் விட்டதே காரணம் என்று கருதப்பட்டது. ஆண்டின் கடைசியில் பிறந்த பிள்ளைகள் பலர், கலக்காத பெட்டியால் முன்னதாகப் போர்முனைக்கு அழைக்கப்பட்டார்கள். 1970-இல் இரண்டு உருளைகள் வைத்து, ஒன்றிலிருந்து நாளையும் மற்றதிலிருந்து வரிசை எண்ணையும் எடுத்தார்கள்.

இதற்கும் ஏலக்காய் மூட்டைக்கும் என்ன தொடர்பு? பருமனும் சிறுமையுமாகக் கலந்த காயை மூட்டையில் கட்டி, மலைப்பாதையின் வளைவுகளில் ஜீப்பில் குலுக்கிக்கொண்டு வாருங்கள். சிறிய காய்கள் இடுக்குகளில் இறங்கிக் கீழே போகும். பெரியவை மேலே ஏறும். வீட்டில் ஒரு பாட்டிலில் கடலையையும் கடுகையும் போட்டுக் குலுக்கினால் இதை நேரில் காணலாம். அப்படி வந்த மூட்டையின் மேற்பகுதியில் மட்டும் ஒரு பிடி எடுத்தால் அது அந்த லாட்டின் மாதிரி ஆகாது. மேலிருப்பதன் மாதிரிதான் ஆகும். வாங்குபவர் ஏமாறுவார். அடியில் மட்டும் எடுத்தால் விற்பவர் ஏமாறுவார். மேலும் நடுவிலும் அடியிலுமாக எடுத்துக் கலந்தால்தான் இருவருக்கும் நியாயம். ஒரு பிடி காய் ஒரு குடும்பத்தின் விளைச்சல் முழுமைக்கும் சாட்சி சொல்லப் போகிறது. அது பொய்ச் சாட்சியாக இருக்கக்கூடாதல்லவா?

தொழிற்சாலைகளிலும் லாட் என்பது முக்கியமான சொல். ஒரே மூலப்பொருளில், ஒரே நிலைமையில், ஒரே முறையில் செய்த பொருள்களின் தொகுதியை ஒரு லாட் என்பார்கள். ‘பேட்ச்’ என்றும் வழங்கும். பிஸ்கோத்து உறையையோ மாத்திரை அட்டையையோ திருப்பிப் பாருங்கள். அந்த எண் இருக்கும். ஏதேனும் குறை தெரிந்தால் அந்த எண்ணுள்ளவற்றை மட்டும் கடைகளிலிருந்து திரும்பப் பெற முடியும்.

‘ஸார்ட்’ என்னும் உறவினர்

ஏலக்காய்க் கிடங்கில் பெண்கள் காயைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ஸார்ட்டிங்’ என்று பெயர். இந்த ‘ஸார்ட்’ இலத்தீன் மொழியின் ‘ஸோர்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு என்ன பொருள் தெரியுமா? குலுக்கல் சீட்டு! பங்கு, தரம், வகை என்று அது பொருள் மாறி வந்தது. கிளார்க் என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம். கிரேக்க மொழியில் ‘கிளேரோஸ்’ என்றாலும் குலுக்கலில் வந்த பங்குதான். அது கிறித்தவக் குருமாரைக் குறித்து, அவர்களே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்த காலத்தில் எழுத்தர் என்ற பொருளைப் பெற்றது. ஆக, பெண்கள் ஸார்ட் செய்த காயை லாட்டாகக் கட்டி, அதைக் கிளார்க் பதிவேட்டில் எழுதும்போது, மூன்று மொழிகளின் குலுக்கல் சீட்டுகள் ஒரே அறையில் கூடிவிடுகின்றன.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

நம் மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை, ‘ஐ ஹேவ் லாட் ஆஃப் ஒர்க்’ என்று எழுதுவது. ‘எ லாட் ஆஃப்’ என்றே வர வேண்டும். ‘எ’ வேண்டாம் என்றால் ‘லாட்ஸ் ஆஃப்’ என்று பன்மையாக்க வேண்டும். தமிழில் ‘நிறைய வேலை’ என்பதில் ‘ஒரு’ இல்லாததால் நாம் அதை எளிதில் விட்டுவிடுகிறோம். ‘ஒருபாடு’ என்பதை நினைவில் வைத்தால் அந்த ‘ஒரு’ மறக்காது.

வினை ஒருமையா பன்மையா என்பதை லாட் தீர்மானிப்பதில்லை. ‘ஆஃப்’ என்பதற்குப் பின் வரும் பெயரே தீர்மானிக்கிறது. ‘எ லாட் ஆஃப் வாட்டர் இஸ்’, ஆனால் ‘எ லாட் ஆஃப் பிளான்ட்ஸ் ஆர்’. ஏலச் சரக்கைக் குறிக்கும்போது மட்டும் லாட் சாதாரணப் பெயர்ச்சொல். ‘ஒன் லாட் இஸ்’, ‘டூ லாட்ஸ் ஆர்’ என்று எண்ணிச் சொல்லலாம்.

‘எ லாட்’ என்பது இரண்டு சொற்கள். சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது பிழை. இரண்டு எல் போட்டு எழுதும் ‘அலாட்’ வேறு சொல். ஒதுக்கிக் கொடு என்பது அதன் பொருள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்பதால் சொல்லெழுத்துத் தேர்வில் பலர் தடுமாறுகிறார்கள். வீடு ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு ஆகியவற்றில் வரும் ‘அலாட்மென்ட்’ இதிலிருந்து பிறந்தது. ‘லோடு’ என்பதோ முற்றிலும் வேறு. ஒரு லோடு மணல் என்பது ஒரு வண்டிச் சுமை. ஒரு லாட் என்பது ஒரு விற்பனைப் பகுதி. ஒரே லோடில் பத்து லாட் வரலாம்.

‘தி லாட்’ என்றால் முழுவதும். ‘ஹி பாட் தி லாட்’ என்றால் அவர் மொத்தத்தையும் வாங்கிவிட்டார். ‘ஹி பாட் எ லாட்’ என்றால் அவர் நிறைய வாங்கினார், அல்லது ஏலத்தில் ஒரு லாட் வாங்கினார். எந்தப் பொருள் என்பது இடத்தைப் பொறுத்தது. ஏல மண்டபத்தில் சொன்னால் இரண்டாவது.

‘எ பேட் லாட்’ என்று ஆளைச் சொன்னால் மோசமான ஆள். ‘ஜாப் லாட்’ என்றால் கலவையாக மலிவு விலைக்கு வாங்கிய சரக்கு. ‘த்ரோ இன் ஒன்ஸ் லாட் வித்’ என்றால் இன்ப துன்பம் எதுவானாலும் ஒருவரோடு தன் பங்கையும் சேர்த்துவிடுவது. இவை கதைப் புத்தகங்களில் வரும்.

பயிற்சிக்கு ஒன்று. கீழ்க்கண்ட செய்தியை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். லாட் என்ற சொல் மூன்று இடங்களில், மூன்று பொருளில் வர வேண்டும்:

‘ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் நிறையக் காய் கொண்டுவந்தார். அவருடைய சரக்கு இரண்டு பகுதிகளாக ஏலத்துக்கு வந்தது. எதை முதலில் விற்பது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்.’